குதாதாத் கானும் மற்ற ஐந்து பேரும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

குடியரசு தினத்தன்று எங்கள் மரக்காணம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டிருந்தார்கள். என்னை அல்ல, என்னிடம் படித்த ஒருவரை. மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டவர். நான் பழைய வாத்தியார் என்ற முறையில் முன்வரிசையில் ஒரு நாற்காலி. அவர் மார்பில் வரிசையாக நாலைந்து பதக்கம். நீண்ட சேவைக்கு ஒன்று, உயரமான மலையில் இருந்ததற்கு ஒன்று என்று, பணியில் இருந்த பலருக்கும் கிடைக்கிற வகை. அறிமுகம் செய்த ஆசிரியர் கொஞ்சம் உற்சாகமாகி, 'வீரப் பதக்கங்கள் பல வென்றவர், இயந்திரத் துப்பாக்கி வீரர்' என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, 'எத்தனை பேரைச் சுட்டீங்க?' என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. மைக்கை வாங்கி, 'இது வீரத்துக்குக் கொடுத்தது இல்லப்பா, இருந்ததுக்குக் கொடுத்தது. அப்புறம் அந்தத் துப்பாக்கிய ஒருத்தன் சுட முடியாது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மிட்டாய் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். நான் ஈ.சி.ஆர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்தால் உப்பளம் தெரியும். ஜனவரி கடைசி என்றால் மழைத்தண்ணீர் வடிந்து, பாத்திகளைச் சேறு வழித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிற நேரம். வரிசையாக நின்று காலால் மிதிப்பார்கள். பார்ப்பதற்கு ஏதோ கூத்து அடவு மாதிரி இருக்கும். மிதிக்கிறவர் பாதத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. அவருடைய அம்மாவும் அப்பாவும் அதில் மிதித்தவர்கள்தான்.

காபி குடித்து முடித்ததும் கேட்டார். 'சார், பத்தாங்கிளாஸ்ல நீங்க ஒரு மெஷின் கன் ஆளு கதை சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?'

இருந்தது. வருஷா வருஷம் சொன்ன கதை. முதல் உலகப்போர் பாடம் வறட்சியான பாடம். ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார், நேச நாடுகள், மைய நாடுகள், வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை. பாதி வகுப்பு தூங்கிவிடும். தூக்கத்தைக் கலைக்க ஒரு கதை வேண்டும். நான் வைத்திருந்தது சிப்பாய் குதாதாத் கான் கதை. விக்டோரியா கிராஸ் வாங்கிய முதல் இந்தியர். ஆறு பேர் இருந்த துப்பாக்கிக் குழுவில் ஐந்து பேர் செத்த பிறகும் தனி ஆளாகச் சுட்டவர். கையை நீட்டித் துப்பாக்கி மாதிரி பிடித்து நானே சத்தம் எழுப்பிக் காட்டுவேன். பையன்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

'நான் அன்னிக்கு எழுந்து ஒண்ணு கேட்டேன் சார். மத்த அஞ்சு பேரு பேரு என்னன்னு. நீங்க, அதெல்லாம் பரீட்சைக்கு வராது உக்காருன்னு சொல்லிட்டீங்க.'

எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அந்தத் தொனி என்னுடையதுதான். உண்மை என்னவென்றால் அப்போது எனக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்வதைவிடப் பரீட்சையைக் காட்டி உட்கார வைப்பது சுலபம். ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

முப்பது வருஷம் கழித்து ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்கிறார். இப்போது எனக்குப் பதில் தெரியும். ஓய்வுக்குப் பிறகு படித்த புத்தகங்களில் கிடைத்தது. அதைத்தான் அவரிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன். கதையை முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக வரும்.

1914. நம் கடற்கரைக்கு அந்தப் போர் எம்டனாக வந்தது. செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. அரை மணி நேர வேலை. சனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். எமகாதகனை 'அவன் ஒரு எம்டன்' என்று சொல்கிற வழக்கு இன்றுவரை நம் வாயில் இருக்கிறது.

சென்னை எண்ணெய் எரிந்து ஒரு வாரம் ஆவதற்குள் இந்தியப் படை பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் இறங்க ஆரம்பித்துவிட்டது. அதில் ஒரு பட்டாளம் 129-வது பலூச்சி. பெயர்தான் பலூச்சி, ஆட்கள் பெரும்பாலும் பஞ்சாப் முஸ்லிம்களும் பட்டாணியர்களும். குதாதாத் கான் அதில் ஒரு சாதாரணச் சிப்பாய். 1888-ல் ஜீலம் மாவட்டத்தில் சக்வால் பக்கம் தாப் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்போது 26 வயது. அந்தக் காலச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய்.

இவர்களைக் கொண்டுபோய்ப் பெல்ஜியத்தில் ஈப்ரு நகரத்துக்குத் தெற்கே ஹொலபெக் என்ற கிராமத்தில் நிறுத்தினார்கள். (ஈப்ரு என்ற பெயர் வாயில் நுழையாமல் ஆங்கிலச் சிப்பாய்கள் 'வைப்பர்ஸ்' என்று கூப்பிட்டார்களாம். நம் ஊர்ப் பெயர்களை அவர்கள் படுத்திய பாட்டுக்கு இது பரவாயில்லை.) அக்டோபர் கடைசி. ஈரமும் குளிரும். நம் வெயிலுக்குத் தைத்த பருத்தி உடுப்போடு வந்தவர்கள். பிற்காலத்துப் படங்களில் பார்க்கிற மாதிரி வரிசையான பதுங்குகுழி அப்போது இல்லை. அங்கங்கே தோண்டிய பள்ளங்கள், நடுவில் இடைவெளி. பக்கத்தில் குதிரையை விட்டிறங்கி நின்று சண்டை போட்ட ஆங்கிலக் குதிரைப்படை. எதிரே பல மடங்கு ஜெர்மானியர்கள். கடல் துறைமுகங்களைப் பிடிக்க ஈப்ருவை உடைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவர்கள் திட்டம்.

ஒரு பட்டாளத்துக்கு அப்போது இரண்டே இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். மாக்சிம் ரகம். இதை நான் வகுப்பில் கையால் பிடித்துச் சுட்டுக் காட்டியது எவ்வளவு தப்பு என்று ஹவில்தார்தான் அன்று எனக்கு விளக்கினார். அவர் பயன்படுத்தியது வேறு காலத்துத் துப்பாக்கி. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான் என்றார்.

முக்காலியில் உட்கார வைத்துச் சுடுகிற துப்பாக்கி அது. துப்பாக்கியும் முக்காலியும் சேர்ந்தால் ஓராள் சுமை கிடையாது. கான்வாஸ் பெல்ட் ஒன்றில் 250 தோட்டாக்கள். நிமிடத்துக்கு 500 சுடும் என்றால் ஒரு பெல்ட் அரை நிமிடத்தில் காலி. எனவே ஒருவன் விசையைப் பிடித்திருக்க, அடுத்தவன் பக்கத்தில் படுத்துப் பெல்ட்டைக் கையில் ஏந்தி, முறுக்கிக்கொள்ளாமல் நேராக உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினால் சிக்கிக்கொள்ளும். பின்னால் இரண்டு மூன்று பேர் தோட்டாப் பெட்டி தூக்கிவர, காலிப் பெல்ட்டை நிரப்ப. இன்னொருவர் எங்கே சுட வேண்டும் என்று பார்த்துச் சொல்ல. இது போதாதென்று தண்ணீர் வேறு. மாக்சிமின் குழாயைச் சுற்றி ஒரு தண்ணீர் உறை, சுமார் நாலு லிட்டர் பிடிக்கும். தொடர்ந்து சுட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அந்தத் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கும். ஆவியாகிக் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் துப்பாக்கி தீர்ந்தது.

'நம்ம அளத்துல தண்ணி காஞ்சாத்தான் சோறு. அங்க தண்ணி காஞ்சா சாவு' என்றார். எங்கள் ஊர்க்காரருக்கு எல்லாமே தண்ணீரும் வெயிலும்தான்.

அக்டோபர் 31. ஈப்ருவைச் சுற்றி அந்த முழுப் போர்முனையிலும் அதுதான் மிக நெருக்கடியான நாள் என்று எழுதுகிறார்கள். வடக்கே கெலுவெல்ட் கிராமம் விழுந்து, மறுபடி மீட்கப்பட்டது அன்றுதான். ஹொலபெக்கில் 129-வது பலூச்சியின் இரண்டு துப்பாக்கிகளும் முன்னால் நின்றன. பொறுப்பாக இருந்த கேப்டன் டில் படுகாயமடைந்தார். ஒரு துப்பாக்கி மேல் பீரங்கிக் குண்டு விழுந்து அது போயிற்று. மிஞ்சியது ஒன்று. அதைச் சுற்றி ஆறு பேர்.

அந்த ஆறு பேரும் நகரவில்லை. குதாதாத் கான் காயம்பட்டும் துப்பாக்கியை விடவில்லை. மற்ற ஐவரும் அந்தத் துப்பாக்கியடியிலேயே கொல்லப்பட்டார்கள். ஜெர்மானியர் வந்து பார்த்தபோது இவரும் செத்தவர் மாதிரிக் கிடந்தார். பிணம் என்று விட்டுவிட்டார்கள். இருட்டிய பிறகு ஊர்ந்து ஊர்ந்து தன் பட்டாளத்துக்கு வந்து சேர்ந்தார். அவர்கள் பிடித்து வைத்த நேரத்தில் பின்னாலிருந்து உதவிப்படை வந்து இடைவெளியை அடைத்துவிட்டது.

டிசம்பர் 7-ஆம் தேதி லண்டன் அரசிதழில் அறிவிப்பு வந்தது. விக்டோரியா கிராஸ். 1911 வரை அந்தப் பதக்கத்துக்கு இந்தியச் சிப்பாய்களுக்குத் தகுதியே கிடையாது. டெல்லி தர்பாரை ஒட்டித்தான் அந்த விதியை மாற்றினார்கள். அதே அரசிதழில் கட்வாலி சிப்பாய் தர்வான் சிங் நேகியின் பெயரும் இருந்தது. நேகி சண்டையிட்டது நவம்பரில், எனவே வரிசையில் குதாதாத் கான் முதல். ஆனால் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பிரான்சுக்குப் போயிருந்தபோது நேகிக்குக் கையோடு குத்திவிட்டார். குதாதாத் கான் அப்போது சிகிச்சையில். எனவே பதக்கம் மார்புக்கு வந்ததில் நேகி முதல். ஒரு மதிப்பெண் கேள்வியில் 'முதல் இந்தியர் யார்' என்று கேட்டுவிட்டு ஒரு பெயரைத் தவறென்று அடித்திருக்கிறேனே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அந்த அரசிதழ் அறிவிப்பு சின்னது. ஒரே வாக்கியம். அதில் 'மற்ற ஐந்து பேர்' என்று எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. நான் வகுப்பில் சொன்னதும் அந்த வாக்கியத்தைத்தான்.

ஆனால் இந்தியப் படை பிரான்சில் சண்டையிட்டதைப் பற்றிப் போர்க்காலத்திலேயே ஒரு பெரிய புத்தகம் எழுதினார்கள். அதில் ஐந்து பெயரும் இருக்கின்றன. ஹவில்தார் குலாம் முகமது. சிப்பாய்கள் லால் ஷேர், சையத் அகமது, கஸ்ஸிப், லஃபர் கான். குலாம் முகமதுவுக்கு இறந்த பின் இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் பதக்கம். மற்ற நால்வருக்கும் அதற்கு அடுத்த படியில் ஒன்று. ஆக, அவர்களையும் ஒரேயடியாக மறந்துவிடவில்லை. பாடப்புத்தகம் மறந்தது. நான் மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, தெரிந்துகொள்ளவே முயலவில்லை.

இதை எல்லாம் சொல்லி முடித்தபோது அவர் என்னை விட்டுவிட்டு அளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் கதையைச் சொன்னார்.

வடக்கே பனிமலையில் ஒரு காவல் நிலை. இவர் துப்பாக்கியில் முதல் ஆள். பெல்ட் பிடிக்கிற இரண்டாம் ஆள் ஒரு கேரளத்துப் பையன். இரண்டு பேரும் ஒரே கூடாரம், ஒரே ஸ்டவ். துப்பாக்கி உறைந்துவிடாமல் மாற்றி மாற்றித் துடைப்பார்களாம். ஒரு நாள் ராத்திரி அந்தப் பையனுக்கு மூச்சு வாங்கியது. உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிற நோய். கீழே இறக்கினால் பிழைத்துவிடுவான், அதுதான் மருந்து. பனிப்புயல். ஹெலிகாப்டர் வர முடியவில்லை. விடிவதற்கு முன்னால் போய்விட்டான். துப்பாக்கிச் சத்தம் எதுவும் இல்லை. எதிரி யாரும் இல்லை.

'எனக்கு ஹை ஆல்டிடியூட் மெடல் வந்துச்சு சார். அவனுக்கும் வந்திருக்கும். அவங்க அம்மா வாங்கியிருப்பாங்க. நான் போய்ப் பார்க்கல. போகணும் போகணும்னு பத்து வருஷம் ஆயிடுச்சு. என்ன சொல்றது போயி?'

பையனின் பெயரை அவர் சொன்னார். ஊரும் சொன்னார். அந்த வீட்டாரைக் கேட்காமல் நான் இங்கே எழுதக்கூடாது என்பதால் விட்டிருக்கிறேன்.

அந்த ஆறாம் வகுப்புப் பையனுக்கு இவர் சொன்ன பதில் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குதாதாத் கானைப் பற்றிச் சொல்லும்போது, 'நம்ம தமிழ் ஆளுங்க அப்ப எங்க சார் இருந்தாங்க?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஹொலபெக் நடந்து நாலு நாளில், நவம்பர் 4 அன்று, கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகத்தில் இன்னொரு இந்தியப் படை இறங்கித் தாக்கியது. அதில் 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரி இருந்தது. பெயரைக் கேட்டாலே நம் ஆட்கள் என்று தெரியும். வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்தவர்கள். அடர்ந்த புதர். எதிரே ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகள். அந்தச் சுடுதலில் பாளையங்கோட்டைப் பட்டாளம் உடைந்து சிதறி ஓடியது. போதாக்குறைக்குத் தேனீக்கள் வேறு கிளம்பிப் படையைக் கொட்டின. கடைசியில் தங்களைவிடச் சிறிய ஒரு எதிரிப் படையிடம் தோற்று, இயந்திரத் துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள்.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஒரே துப்பாக்கியின் பின்னால் இருந்தவர் கதையும் முன்னால் மாட்டியவர் கதையும் ஒரே வாரத்தில் நடந்திருக்கின்றன. ஆனால் ஆங்கிலேயர் இதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. மதராஸ்காரன் போருக்கு லாயக்கில்லை, பஞ்சாபியும் கூர்க்காவும்தான் 'வீர இனம்' என்று லார்ட் ராபர்ட்ஸ் காலத்திலிருந்தே ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். ராபர்ட்ஸ் மதராஸ் படைக்கே தளபதியாக இருந்தவர். அந்தக் கொள்கையால் தெற்கத்திப் பட்டாளங்களைக் கவனிக்காமல் விட்டார்கள். கவனிக்காமல் விட்டது சண்டையில் தெரிந்தது. பார்த்தாயா, நாங்கள் சொன்னது சரி என்றார்கள். பின்தங்கிய பையனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பார், இவனுக்குப் படிப்பு வரவில்லை என்று சொல்கிற வாத்தியார் மாதிரி. (நானும் செய்திருக்கிறேன்.) 1920-களில் மதராஸ் காலாட்படைப் பட்டாளங்களை ஒவ்வொன்றாகக் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் போதாமல் போனபோதுதான் மெட்ராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள்.

கலைக்காமல் விட்டது மதராஸ் சாப்பர்ஸ் படையை. பாலம் கட்ட, கண்ணிவெடி எடுக்க ஆள் வேண்டுமே. அதில் இருந்த சுபேதார் சுப்பிரமணியன் நமக்குத் தூரம் இல்லை, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில் கண்ணிவெடி தேடிக்கொண்டு போனபோது, வெடிக்கப்போன ஒன்றின் மேல் தன் உடம்பைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். இங்கிருந்து காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? எனக்கும் ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது.

போருக்குப் போகாத நம் ஊர் சும்மா இருந்ததா என்றால் அதுவும் இல்லை. போர்ச் செலவுக்குப் பணம் போதவில்லை என்று 1916 மார்ச்சில் வைஸ்ராய் அரசின் நிதி உறுப்பினர் வில்லியம் மேயர் வரிகளை ஏற்றினார். அதில் உப்பும் ஒன்று. சுமார் 37 கிலோ கொண்ட ஒரு மணங்குக்கு ஒரு ரூபாயாக இருந்த வரி ஒன்றேகால் ரூபாய் ஆனது. கூடின நாலணாவை இந்த நாட்டில் கஞ்சி குடித்த ஒவ்வொருவரும் கொடுத்தார்கள். மரக்காணத்து அளத்தில் வாரின உப்புக்கும் அதே வரிதான். குதாதாத் கானின் துப்பாக்கிக்குப் போன தோட்டாவில் எங்கள் உப்புப் பணம் இல்லை, அது 1914. ஆனால் அடுத்து மெசபடோமியாவிலும் மற்ற இடங்களிலும் சுட்டதில் நிச்சயம் இருந்திருக்கும். பாத்தியில் நின்றவர்களுக்கு இது தெரிந்திருக்காது. கடைக்காரர் விலை கூட்டிவிட்டார் என்று திட்டியிருப்பார்கள்.

அந்தப் போரில் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். எழுபதாயிரத்துக்கும் மேல் திரும்பவில்லை. தமிழ்நாட்டில் பல ஊர்களில், இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் செதுக்கிய கல் இருக்கும். பார்த்திருப்பீர்கள். அதிலும் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. புதுச்சேரி பரவாயில்லை. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய போர் நினைவிடத்தில், பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது சுண்டலோடு நின்றுவிடாமல் பக்கத்தில் போய்ப் படியுங்கள். உங்கள் ஊரில் எண் பொறித்த கல் இருந்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சேர்த்து வைக்கிறேன்.

குதாதாத் கான் நீண்ட காலம் வாழ்ந்தார். சுபேதாராக உயர்ந்து ஓய்வு பெற்றார். 1947-ல் அவர் ஊர் பாகிஸ்தானுக்குப் போனது. 1956-ல் விக்டோரியா கிராஸ் நூற்றாண்டுக்கு லண்டனுக்கு அழைத்திருந்தார்கள், போய்வந்தார். 1971 மார்ச்சில் 82 வயதில் இறந்தார். அந்த வருஷ டிசம்பரில்தான் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டன. அதைப் பார்க்காமல் போனார். ராவல்பிண்டியில் ராணுவ அருங்காட்சியகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஈப்ருவில் மெனின் வாயில் என்ற பெரிய வளைவில், உடல் கிடைக்காத ஐம்பத்து நாலாயிரம் பேருக்கு மேல் பெயர் பொறித்திருக்கிறார்கள், இந்தியர்கள் நானூறுக்கும் மேல். தினமும் இரவு எட்டு மணிக்கு அதன் கீழே நின்று பியூகிள் ஊதுகிறார்கள்.

இத்தனை வருஷத்தில் அவர் அந்த ஐந்து பேர் வீட்டுக்குப் போனாரா என்று ஹவில்தார் கேட்டார். கேட்டவர் ஏன் கேட்கிறார் என்று புரிந்ததால் நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரே பட்டாளத்துக்காரர்கள், போயிருப்பார் என்றேன். வாத்தியார் புத்தி, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வது போகாது.

பெயர்களை எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தவர் கடைசியில் நின்றார்.

'லஃபர் கானா? அப்படி ஒரு பேரு இருக்கா சார்? எங்க கூட முஸ்லிம் பசங்க இருந்தாங்க. ஜாஃபர் கான்னுதான் கேட்டிருக்கேன்.'

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆங்கிலக் குமாஸ்தா யாரோ காதில் விழுந்ததை எழுதியிருக்கலாம், அச்சுக் கோத்தவர் மாற்றியிருக்கலாம். நானும் இந்த வேலையைச் செய்தவன்தான். உப்பளத்துப் பிள்ளைகளை ஜூன் மாதத்தில் கூட்டி வருவார்கள். பிறந்த தேதி கேட்டால், 'அந்தப் பெரிய புயலுக்கு அடுத்த வருசம்' என்பார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் காலியாக விட முடியாது. ஜூன் 1, ஜூன் 5, ஜூன் 10 என்று நானே போட்டு எழுதுவேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஜூனில் பிறந்தநாள் வருவது அதனால்தான். பெயரையும் விட்டு வைக்கவில்லை. வீட்டில் கூப்பிடுகிற பெயர் நாகரிகமாக இல்லை என்று எத்தனை பேருக்கு மாற்றியிருக்கிறேன். இவருக்கும் தேதி நான் போட்டதுதான். அதை வைத்துத்தான் பட்டாளத்தில் வயது சரியாக இருந்தது என்று சிரித்தார். இல்லாவிட்டால் ஆறு மாதம் மிஞ்சியிருக்குமாம்.

அப்புறம் காகிதத்தை மறுபடி பார்த்தார்.

'இதுல பெல்ட் புடிச்சவன் யாரு சார்?'

ஹவில்தார் என்றால் குழுவுக்குத் தலைவர், அவர் பார்த்துச் சொல்கிறவராக இருந்திருப்பார் என்றேன்.

'அப்ப இந்த நாலு பேருல ஒருத்தன்' என்றார்.

பேனாவை வாங்கி, நாலு பெயருக்குக் கீழே அந்தக் கேரளத்துப் பையன் பெயரை எழுதினார். தமிழில்தான் எழுதினார். மலையாளத்தில் அவன் பெயரை எப்படி எழுதுவது என்று அவன் ஒருமுறை சொல்லிக் கொடுத்தானாம், மறந்துவிட்டது என்றார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். திருச்சூருக்கு விழுப்புரத்திலிருந்து நேர் வண்டி உண்டா, மாற வேண்டுமா என்று கேட்டார். பேரனைப் போனில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.